ஹோட்டல் கலிபோர்னியா இல்லாத கேசட்

பெட்டாலிங் ஜெயாவில் பழைய இசைத்தட்டுகள் விற்கும் கடை ஒன்று. போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அங்கே நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பையன். எஸ்பிஎம் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற வயது. கையில் ஈகிள்ஸ் குழுவின் 'தேர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் 1971–1975'. வெளிர்நீல அட்டையில் கழுகின் மண்டையோடு இருக்குமே, அதுதான். விலைச்சீட்டைப் பார்ப்பதும் அட்டையைத் திருப்பிப் பாட்டு வரிசையைப் படிப்பதுமாக இருந்தான்.

கடைக்கு வாடிக்கையாக வருகிற ஒரு அங்கிள் அவனைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, அத வெச்சிடு. அதெல்லாம் சூப்பர்மார்க்கெட்ல ட்ராலி தள்ளிக்கிட்டுப் போறவங்க வாங்குறது. ராக் கேக்கணும்னா ஒரிஜினல் ஆல்பத்துலருந்து ஆரம்பிக்கணும் லா."

பையனும் சிரித்தான். மாட்டிக்கொண்டவன் சிரிக்கிற சிரிப்பு. தட்டை எடுத்த இடத்திலேயே சொருகினான். ஒரிஜினல் ஆல்பம் எதையும் எடுக்கவில்லை. இரண்டு நிமிடம் மரியாதைக்கு நின்றுவிட்டு வெளியே போய்விட்டான்.

நான் அங்கேதான் இருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அங்கிள் நல்ல மனுஷர், எனக்கே பல தட்டுகளை அறிமுகப்படுத்தியவர், வாய் வரவில்லை. அன்றைக்குப் பேசாமல் விட்டதை இங்கே பேசுகிறேன்.

இந்த வசனத்தைப் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பல்கலைக்கழக விடுதியில் மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் பிங்க் ஃப்ளாய்ட் டீ-சட்டையில் இதைச் சொன்னார். முகநூலில் 'சாவதற்குமுன் கேட்க வேண்டிய 100 ஆல்பங்கள்' போடுகிறவர்கள் சொல்கிறார்கள். சாரம் ஒன்றுதான்: ஆல்பம் என்பது கலைஞன் திட்டமிட்டுச் செய்த முழுமையான படைப்பு, 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்பது கம்பெனிக்காரன் அதை வெட்டிக் கூறுபோட்டு விற்கிற கறிக்கடை, கடையில் வாங்குகிறவனுக்கு ஆடு எப்படி இருந்தது என்று தெரியாது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாறாகப் பார்த்தால் பாதிக்கு மேல் தப்பு. மீதிப் பாதி பணம் உள்ளவன் பேச்சு.

முதலில் வரலாறு. 'ஆல்பம்' என்ற சொல்லை இவ்வளவு பயபக்தியோடு உச்சரிக்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது? 78 சுற்று இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடம்தான் பதிய முடியும். பல தட்டுகளைச் சேர்த்து, கல்யாண போட்டோ ஆல்பம் மாதிரி உறைகள் தைத்த கெட்டி அட்டைப் புத்தகமாக விற்றார்கள். அந்தப் புத்தகத்துக்குத்தான் ஆல்பம் என்று பெயர். அதாவது சொல்லே தொகுப்பிலிருந்து வந்தது.

ராக் அண்ட் ரோல் பிறந்தது 45 சுற்றுச் சின்னத் தட்டில். முன்பக்கம் ஒரு பாட்டு, பின்பக்கம் ஒரு பாட்டு. சக் பெர்ரி 1955இலிருந்து செஸ் நிறுவனத்துக்குப் பதிவு செய்தது முக்கியமாக இப்படிப்பட்ட ஒற்றைப் பாட்டுகளைத்தான். அவர் பேரில் வந்த எல்பிக்களில் அந்த ஹிட் பாட்டுகளோடு இடத்தை நிரப்பச் சேர்த்த சரக்கும் இருக்கும். சக் பெர்ரியை ஒழுங்காகக் கேட்க வேண்டுமென்றால் 1982இல் வந்த 'தி கிரேட் ட்வென்டி எய்ட்' தொகுப்பை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. இருபத்தெட்டுப் பாட்டு. அந்த அங்கிளின் விதிப்படி அது சூப்பர்மார்க்கெட் சாமான். அப்படியானால் கீத் ரிச்சர்ட்ஸ் யாரிடம் கிட்டார் கற்றார் என்று புதியவனுக்கு எப்படிக் காட்டுவார்?

பீட்டில்ஸ் கதை இன்னும் தமாஷ். 'ரிவால்வர்' ஆல்பம் 1966இல் இங்கிலாந்தில் 14 பாட்டுகளோடு வந்தது. அமெரிக்காவில் கேபிடல் நிறுவனம் அதில் மூன்றை உருவி ஏற்கெனவே வேறொரு தட்டில் போட்டுவிட்டது. அமெரிக்கப் பையன் கேட்ட 'ரிவால்வர்' 11 பாட்டுதான். மூன்றும் ஜான் லெனன் பாட்டுகள். இருபது வருடம் ஒரு தேசமே லெனன் பாதி காணாமல்போன 'ரிவால்வரை' முழுமையான படைப்பு என்று நினைத்துக் கேட்டிருக்கிறது. கலைஞன் திட்டமிட்ட வரிசை என்கிறார்களே, எந்தக் கலைஞன், எந்தக் கடல் கடந்த வரிசை?

'சார்ஜன்ட் பெப்பர்' வந்த 1967க்குப் பிறகு ஆல்பத்தை ஒரே படைப்பாகக் கட்டுகிற பழக்கம் வலுவானது உண்மை. ஆனால் அதற்கப்புறமும் எல்லோரும் அப்படி வேலை செய்யவில்லை. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் 1969 என்ற ஒரே வருடத்தில் மூன்று ஆல்பம் போட்டார்கள். ஜான் ஃபோகர்ட்டி என்கிற அந்த மனிதர் அடிப்படையில் ஒற்றைப் பாட்டுக்காரர். இரண்டரை நிமிடம், ஒரு கிட்டார் வெட்டு, ஒரு கதை, முடிந்தது. 'டவுன் ஆன் த கார்னர்' தட்டின் பின்பக்கத்தில் 'ஃபார்ச்சுனேட் சன்'. இவர்களுடைய 'கிரானிக்கிள்' தொகுப்பு 1976இல் வந்தது. 20 பாட்டு, வெளிவந்த கால வரிசையில். அது சிதைத்த ஆல்பம் இல்லை. அந்தப் பாட்டுகள் முதலில் எப்படி உலகத்துக்கு வந்தனவோ அந்த வடிவத்துக்குப் பக்கத்தில் இருப்பதே அதுதான்.

'கிரானிக்கிள்' எனக்கு முதலில் தெரியவந்தது லாரியில்.

அப்பா செம்பனை எண்ணெய் டேங்கர் ஓட்டினார், பீடோரிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு. பள்ளி விடுமுறையில் என்னையும் ஏற்றிக்கொள்வார். டேஷ்போர்டில் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் கேசட்டுகள். டி.எம்.எஸ். தத்துவப் பாடல்கள், இளையராஜா எண்பதுகள், 'சர்ச்' குழுவின் 'இசபெல்லா' இருக்கும் கேசட், அப்புறம் இந்த சிசிஆர், ஈகிள்ஸ். எல்லாம் பசார் மாலாம் சரக்கு. அட்டை மங்கலாக, பாட்டுப் பேரில் எழுத்துப்பிழையோடு இருக்கும். ஆங்கிலப் பாட்டு எப்படி உள்ளே வந்தது என்று கேட்டால், முன்னால் வேலை செய்த பட்டறையில் ஒரு சீன மெக்கானிக் நாள் முழுக்கப் போடுவார், பழகிப்போச்சு என்பார். அப்பா மூன்றாம் படிவத்தோடு நின்றவர். 'ஃபார்ச்சுனேட் சன்' என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியாது. பெரிய இடத்துப் பிள்ளைகள் போருக்குப் போகாமல் தப்பிக்க, இல்லாதவன் பிள்ளை போய்ச் சாகிறான் என்கிற கோபம் அது. ஐசனோவர் பேரன் நிக்சன் மகளைக் கட்டிய கல்யாணத்தைப் பார்த்த எரிச்சலில் பிறந்த பாட்டு. எனக்கே பல்கலைக்கழகம் போன பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்தப் பாட்டு வரும்போது மட்டும் அப்பா ஸ்டீரிங்கில் தாளம் போடுவார். தஞ்சோங் மாலிம் தாண்டி லாரிகள் மூச்சு வாங்குகிற ஏற்றத்தில் அவருக்கு ஏதோ புரிந்திருக்கிறது.

அந்தக் கேசட்டில் 'லோடை' பாட்டு நடுவில் ஒரு இடத்தில் டேப் இழுக்கும். குரல் அப்படியே ஆட்டோ பிரேக் பிடித்த மாதிரி இறங்கி மறுபடி ஏறும். அது பாட்டின் பகுதி என்றே நினைத்து நான் வளர்ந்தேன்.

இப்போது காசுக் கணக்குக்கு வருகிறேன். எழுபதுகளில் கிரீடன்ஸ் முழுவதையும் ஆல்பமாகக் கேட்க ஏழு தட்டு வேண்டும். ஈகிள்ஸ் 1975 வரைக்கும் நான்கு. குவீன் முழுக்க வேண்டுமென்றால் பதினைந்து. இன்றைக்குப் புது எல்பி ஒன்று என் கண்ணில் படும் கடைகளில் 150 ரிங்கிட்டுக்குக் கீழே அபூர்வம். பதினைந்தைப் பெருக்கிக்கொள்ளுங்கள். 2,250 ரிங்கிட். 'ஒரிஜினல் ஆல்பத்திலிருந்து ஆரம்பி' என்பது ரசனை பற்றிய அறிவுரை மாதிரி ஒலிக்கிறது. உண்மையில் அது வங்கிக் கணக்கு பற்றிய கேள்வி. அப்பா மாதிரி ஆட்களுக்கு ஒரு குழுவுக்கு ஒரு கேசட்தான் கட்டுப்படி. அந்த ஒரே கேசட் எதுவாக இருக்க வேண்டும்? யோசித்துத் தேர்ந்தெடுத்த இருபது பாட்டா, இரண்டு நல்ல பாட்டும் எட்டுச் சுமாரும் உள்ள ஒரிஜினலா? உலகத்தில் பாதிப் பேர் ராக் கேட்டது இந்தக் கணக்கில்தான். அவர்களைக் கேட்டவர்கள் கணக்கிலேயே சேர்க்காமல் ஒரு ரசனை வரலாறு எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஸ்ட்ரீமிங் வந்துவிட்டதே, இப்போது எல்லாம் இலவசம் போலத்தானே என்பார்கள். காசு பிரச்சினை தீர்ந்தது, நேரப் பிரச்சினை தீரவில்லை. அதற்குக் கீழே வருகிறேன்.

ஈகிள்ஸ் கேசட்டைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. பன்னிரண்டு வயதில் ஒரு கல்யாண விருந்தில் பாண்டு குழு 'ஹோட்டல் கலிபோர்னியா' வாசித்தது. மலேசியாவில் கிட்டார் தூக்கியவன் எவனும் அதை வாசிக்காமல் மேடையிலிருந்து இறங்க முடியாது, அது எழுதப்படாத சட்டம். யார் பாட்டு என்று கேட்டேன், ஈகிள்ஸ் என்றார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவின் கேசட்டை இரண்டு பக்கமும் ஓட விட்டேன். இல்லை. "அப்பா, உங்கள ஏமாத்திட்டான் பா. ஈகிள்ஸ் பெஸ்ட்டுன்னு வித்திருக்கான், பெஸ்ட் பாட்டே இல்ல." அப்பாவும் நம்பிவிட்டார். பசார் மாலாம்காரனை இரண்டு பேரும் சேர்ந்து திட்டினோம்.

பாவம் அவன். தப்பு அவன் மேல் இல்லை. அந்தத் தொகுப்பு 1976 பிப்ரவரியில் வந்தது. 'ஹோட்டல் கலிபோர்னியா' ஆல்பம் அதே வருடம் டிசம்பரில். அமெரிக்காவில் பிளாட்டினம் என்ற சான்றிதழை முதன்முதலில் வாங்கிய ஆல்பம் அந்தத் தொகுப்பு. 2018 கணக்கில் 38 மடங்கு பிளாட்டினம், மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லரை'யே தாண்டியது. அப்படிப்பட்ட ஈகிள்ஸ் தொகுப்பில் ஈகிள்ஸின் ஆகப் பிரபலமான பாட்டு கிடையாது. தூய்மைவாதிகளுக்கு இது நல்ல ஜோக். எனக்கு இது நேர்மாறான சாட்சி. இல்லாத அந்தப் பாட்டைத் தேடித்தான் நான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு 'ஒரிஜினல் ஆல்பம்' கேட்டேன். அதன் கடைசிப் பாட்டு 'த லாஸ்ட் ரிசார்ட்', ஏழு நிமிடத்துக்கு மேல். அமெரிக்கா மேற்கே போகப் போக இடத்தை அழித்த கதை. அந்த அறைக்குள் நான் போனது கேசட் திறந்துவிட்ட கதவு வழியாக. யாராவது பன்னிரண்டு வயதில் என்னிடம் 'த லாஸ்ட் ரிசார்ட்டி'லிருந்து ஆரம்பி என்று சொல்லியிருந்தால் நான் விஜய் பாட்டுக்குத் திரும்பியிருப்பேன். (விஜய் பாட்டில் குறை ஒன்றும் இல்லை. சண்டைக்கு வராதீர்கள்.)

அந்தத் தொகுப்பு வந்தது குழுவுக்குப் பிடிக்கவில்லை. டான் ஹென்லி வருத்தப்பட்டார். 'டெஸ்பராடோ' ஆல்பத்தில் ஒரு தொடர்கதைக்குள் இருந்த பாட்டுகளைப் பிய்த்து வெளியே எடுத்துவிட்டார்கள் என்பது அவர் குறை. நியாயமான குறை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'டெஸ்பராடோ' பாட்டை ஈகிள்ஸ் ஒற்றைத் தட்டாக வெளியிடவே இல்லை. அது 'ஹிட்' ஆனதே கிடையாது. ஆனாலும் யாரோ ஒருவர் பத்தே இடமுள்ள வரிசையில் ஒரு இடத்தை அதற்குக் கொடுத்தார். விற்பனைப் பட்டியலை மட்டும் பார்த்துக் கூட்டிக் கழித்திருந்தால் அந்தப் பாட்டு உள்ளே வந்திருக்காது. தொகுக்கிறவனுக்கும் காது இருக்கிறது.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தொகுப்பை இரண்டாந்தரம் என்று நாம் எந்த வாயால் சொல்கிறோம்? நம்மிடம் இருக்கிற ஆகப் பழைய செல்வமே எட்டுத்தொகை. அதில் பேரிலேயே தொகை இருக்கிறது. 4 முதல் 8 அடி என்றால் குறுந்தொகை, 9 முதல் 12 என்றால் நற்றிணை, 13 முதல் 31 என்றால் அகநானூறு. பாட்டின் நீளத்தை அளந்து பிரித்திருக்கிறார்கள். 45 சுற்றுத் தட்டா, எல்பியா என்று பிரிக்கிற மாதிரி. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ, அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மன். செம்புலப்பெயல்நீரார் என்ற கவிஞரின் சொந்தப் பேர்கூட நமக்குத் தெரியாது. அவர் பாட்டில் உள்ள உவமையையே அவருக்குப் பேராக வைத்துவிட்டார்கள். ஒரே ஒரு பாட்டு. ராக் பாஷையில் ஒன் ஹிட் ஒண்டர். பூரிக்கோ அந்தப் பாட்டை எடுத்து உள்ளே வைக்காமல், 'அவருடைய முழுப் படைப்பையும் படித்துவிட்டு வா' என்று சொல்லியிருந்தால் நம்மிடம் என்ன மிஞ்சியிருக்கும்?

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். அப்பாவின் பிஸ்கட் டின்னுக்கே வாருங்கள். டி.எம்.எஸ். தத்துவப் பாடல்கள் என்பது என்ன? பத்துப் பன்னிரண்டு படத்திலிருந்து பிய்த்து எடுத்தவை. கேசட் கடையில் பேர் எழுதிக் கொடுத்து வெற்றுக் கேசட்டில் பாட்டுப் பதிந்து வாங்கிய தலைமுறை நம்முடையது. அந்தப் படங்களை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் பாட்டைக் கேட்க வேண்டும் என்று எந்தத் தாத்தாவும் சொன்னதில்லை. அதே வீட்டுப் பையன் ஆங்கில இசைக்குப் போனதும் மட்டும் அவனுக்குத் தீட்டு விதிகள் வந்துவிடுகின்றன.

சரி, எதிர்ப்பக்கத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. பிங்க் ஃப்ளாய்டுக்கு என் வாதம் செல்லாது. 2001இல் 'எக்கோஸ்' என்று ஒரு தொகுப்பு போட்டார்கள். 23 நிமிடத்துக்கு மேல் ஓடும் 'எக்கோஸ்' பாட்டையே அதில் 16 நிமிடச் சொச்சமாக வெட்டிவிட்டார்கள். தொகுப்புக்குப் பேர் கொடுத்த பாட்டுக்கே இந்த கதி. 'டார்க் சைட்' 43 நிமிடம். அதை முழுதாகத்தான் கேட்க வேண்டும், விடுதி அண்ணன் சொன்னது அங்கே சரி. லெட் செப்பலின் குழு உயிரோடு இருந்த காலத்தில் தொகுப்பே போடவில்லை. 1990இல் ஜிம்மி பேஜ் தானே உட்கார்ந்து செய்யும்வரை இல்லை. ஏசி/டிசி இன்றுவரை ஒரு கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் போட்டதில்லை; பாட்டைத் தனித்தனியாக விற்கக்கூடாது என்று பிடிவாதம் பிடித்து 2012 வரை ஐட்யூன்ஸ் பக்கமே வரவில்லை. அந்தப் பிடிவாதத்தை மதிக்கிறேன். ஆனால் அது அவர்கள் தங்கள் பாட்டுக்கு வைத்த விதி. அதை எடுத்துக்கொண்டு வந்து பெட்டாலிங் ஜெயாவில் அடுத்தவன் காதுக்கு வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

கம்பெனிகளின் பேராசையும் உண்மை. ஃபோகர்ட்டி விஷயத்தையே பாருங்கள். 'கிரானிக்கிள்' அமெரிக்கப் பட்டியலில் 500 வாரங்களுக்கு மேல் இருந்திருக்கிறது. அந்தப் பாட்டுகளின் உரிமை பல பத்தாண்டுகள் அவர் கையில் இல்லை. 1985இல் அவர் புதிதாக ஒரு பாட்டுப் போட்டார். அது கிரீடன்ஸ் காலத்து 'ரன் த்ரூ த ஜங்கிள்' மாதிரி இருக்கிறது என்று பழைய கம்பெனி வழக்குப் போட்டது. அதாவது அவரையே அவர் காப்பியடித்தார் என்று. மனிதர் கிட்டாரோடு சாட்சிக் கூண்டில் ஏறி வாசித்துக் காட்டி ஜெயித்தார். வக்கீல் செலவைக் கேட்டுப் போன வழக்கு 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் அங்கேயும் அவர் பக்கம்தான் தீர்ப்பு. இந்த அநியாயத்துக்குத் தொகுப்பு காரணமா? உரிமை கம்பெனியிடம் இருந்தால் ஒரிஜினல் ஆல்பத்தை வாங்கினாலும் காசு அதே பையில்தான் விழுந்திருக்கும்.

தொகுப்புகளைத் திட்டித்தான் ஆக வேண்டும் என்றால் திட்ட வேண்டிய இடம் வேறு. பல குழுக்களைக் கலந்து 'கிளாசிக் ராக்' என்று போடுகிறார்களே, பெட்ரோல் நிலையத்தில்கூட ஒரு காலத்தில் சிடியாகத் தொங்கும், அதைத் திருப்பிப் பேர்களைப் படியுங்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஒருவரை விட்டால் கறுப்பு முகம் பார்ப்பது கஷ்டம். ராக்கின் கிட்டாரை எவரிடமிருந்து எடுத்தார்களோ அவர்கள் இல்லை. சிஸ்டர் ரோசட்டா தார்ப் 1944இல் எலக்ட்ரிக் கிட்டாரோடு பதிவு செய்ததைக் கேட்டால் தலை சுற்றும். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரை உள்ளே எடுக்க 2018 ஆனது. 'ஹவுண்ட் டாக்' எல்விஸ் பாட்டு என்றுதான் நமக்குத் தெரியும். அவருக்கு நான்கு வருடம் முன்பே பிக் மாமா தார்ன்டன் பதிவு செய்துவிட்டார். தோட்டத்தைத் திருத்தியவன் பேர் ஒரிடத்திலும் இல்லாமல் துரை பேரில் தோட்டம் இருப்பதைப் பார்த்து வளர்ந்த சமூகத்துக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. யார் தொகுத்தார், யாரை விட்டார் என்று கேட்பதுதான் உருப்படியான விமர்சனம். வேடிக்கை என்னவென்றால், அந்த 100 ஆல்பம் பட்டியல்களிலும் இதே ஆட்கள்தான் காணாமல் போயிருக்கிறார்கள். எல்பியே கலையின் அளவுகோல் என்று வைத்த பிறகு, 45 சுற்றில் வாழ்ந்தவர்கள் எப்படி உள்ளே வருவார்கள்?

நேரப் பிரச்சினை என்றேனே. நான் சென்சார் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் இது என் பிழைப்புக்குப் பக்கத்து விஷயம். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தால் ஊளை வருமே, வெளியே போன ஒலியே உள்ளே வந்து பெருகி மறுபடி வெளியே போகும். கேட்ட எண்ணிக்கையைப் பார்த்து அடுத்த பாட்டைப் போடும் செயலி அதே வேலையைத்தான் செய்கிறது. ஏற்கெனவே கேட்கப்பட்டது மேலும் கேட்கப்படும். அதற்கு முடிவும் கிடையாது, ஐந்தாவது பாட்டுக்குப் பிறகு எந்தக் குழுவில் இருக்கிறோம் என்றே தெரியாது. எல்பியில் ஒரு பக்கம் சுமார் 22 நிமிடம். அதற்கு மேல் திணித்தால் கோடுகள் நெருங்கி ஒலி மெலியும். அந்த இயற்பியல் தொகுப்பவனைத் தேர்ந்தெடுக்க வைத்தது. எதை விடுவது என்று அவன் யோசித்தாக வேண்டும். 1973இல் பீட்டில்ஸுக்குச் சிவப்பு, நீலம் என இரண்டு தொகுப்பு போட்டபோது சிவப்பில் 26, நீலத்தில் 28. சிவப்பு அட்டையில் நான்கு இளைஞர்கள் மாடிப்படியில் எட்டிப் பார்ப்பார்கள். நீல அட்டையில் அதே படிக்கட்டு, அதே நான்கு பேர், முடியும் தாடியுமாக. இடையில் ஆறு வருடம். இசையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனுக்கும் அந்த இரண்டு படம் ஒரு வரலாற்றைச் சொல்லிவிடும். செயலியின் முடிவில்லாத பட்டியலில் அப்படி ஒரு படிக்கட்டு எங்கே இருக்கிறது?

அந்தப் பையனிடம் நான் பேசியிருந்தால் ஈகிள்ஸை வாங்கிக்கொள் என்றுதான் சொல்லியிருப்பேன். அடுத்த மாதச் செலவுக்காசில் 'கிரானிக்கிள்'. கூட்டமாகப் பாட ஆசை இருந்தால் குவீனின் 1981 தொகுப்பு. இங்கிலாந்தில் ஆக அதிகம் விற்ற ஆல்பமே அதுதான், ஒரே ஆள் மட்டும் பாட்டு எழுதுகிற குழு இல்லை என்பது அதில்தான் சட்டென்று தெரியும். நீல் யங் 1977இல் தானே தேர்ந்தெடுத்த 'டெக்கேட்' கிடைத்தால் விடாதே. மூன்று தட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் அவரே கைப்பட ஒரு குறிப்பு எழுதியிருப்பார், பெரிய ஹிட் கொடுத்த சலிப்பையும் சேர்த்து. அதற்கப்புறம் உனக்கே எந்த ஆல்பத்துக்குள் போக வேண்டும் என்று தெரியும். போகாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அப்பா போகவே இல்லை. ஐம்பது வருடமாக அதே இருபது பாட்டு. அவருக்குக் காது இல்லை என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

அன்றைக்கு நான் அந்தக் கடையில் வாங்கியது 'கிரானிக்கிள்'. பை போடும்போது அங்கிள் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "அப்பாவுக்கு" என்றேன். அது அரைப் பொய்.

வீட்டில் போட்டேன். அப்பா நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து கேட்டார். இப்போது லாரி இல்லை, முட்டி வலி. நாலு பாட்டு போய் 'லோடை' வந்தது. அந்த இடம் நெருங்க நெருங்க அவர் கை நாற்காலிப் பிடியில் தட்டுவதை நிறுத்திவிட்டது. குரல் இறங்கவில்லை, நேராகப் போய்விட்டது.

"டேய்," என்றார் அப்பா, "இது நம்ம கேசட் இல்ல."